நாற்பத்தொன்பது முறை ஏறியவர்

தாணுலிங்கம் அண்ணாச்சி ஆனி மாதத்தில் மட்டும் நாற்பத்தொன்பது முறை காற்றாடி ஏறினார் என்று எங்கள் மென்பொருள் உறுதியாக நம்பியது. உண்மையில் அவர் ஒரு முறைகூட ஏறவில்லை. அந்த நாற்பத்தொன்பது எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர். அதில் ஒருத்தி நான்.

என் பெயர் ஹெலன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் தள அலுவலகத்தில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்தேன். எண்பத்தாறு காற்றாடிகள், பழுது பார்க்க ஏழு டெக்னீஷியன்கள். ஒவ்வொரு காற்றாடியும் எண்பது மீட்டர் உயரம். தூண் என்று வெளியே தெரிவது உண்மையில் ஓர் இரும்புக் குழாய். அதற்குள் செங்குத்தாக ஓர் ஏணி. இன்றைக்கு யார் எதில் ஏற வேண்டும் என்று பங்கு வைப்பது முன்பு என் வேலையாக இருந்தது. மேஸ்திரி வந்த பிறகு அது பங்கு வைப்பதை வேடிக்கை பார்ப்பது என் வேலை ஆயிற்று.

மேஸ்திரி என்பது நாங்கள் வைத்த பெயர். கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அந்த மென்பொருள் ஆளைப் படிக்கும். யார் எந்த வேலையை எத்தனை நிமிடத்தில் முடித்தார், எந்தக் காற்றில் ஏறினார், எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினார் என்பதையெல்லாம் சட்டைப் பையில் இருக்கும் போனை வைத்தே தெரிந்துகொள்ளும். காலை ஆறு மணிக்கு அன்றைய வேலைகளை ஆளாளுக்குப் பிரித்து அனுப்பிவிடும். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் பிரித்தது. நான் பிரித்த காலத்தில் நடந்த சண்டையில் கால்வாசிகூட அதன் காலத்தில் நடக்கவில்லை.

ஒரே ஒரு விதி மட்டும் கொடியது. மாதம் பன்னிரண்டு முறை ஏறாத டெக்னீஷியனை அது பட்டியலிலிருந்து தானாகவே நீக்கிவிடும். நீக்கினால் வேலை போயிற்று என்று அர்த்தம். முன்பென்றால் மேனேஜரின் காலில் விழலாம். மேஸ்திரிக்குக் கால் இல்லை.

அண்ணாச்சிக்குச் சித்திரையில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, தலைச்சுற்றல் போகவில்லை. காதுக்குள் ஏதோ கோளாறு, சரியாக நாளாகும் என்றார் டாக்டர். இருபத்துமூன்று வருஷம் காற்றாடி ஏறிய மனுஷர், பத்துப் படி ஏறினாலே சுவர் சாய்கிறது என்று இறங்கி வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

வழி கண்டுபிடித்தவன் பிரபின். டெக்னீஷியன்களில் இளையவன், ஏணியில் குரங்கு மாதிரி போவான்.

"அண்ணாச்சி, ஒங்க போன எங்கிட்ட தாங்க. நான் மேல கொண்டு போறேன். எம்போன நீங்க கீழ வச்சுக்கிடுங்க," என்றான்.

"எதுக்குலே?"

"போன் ஏறுனா ஆளு ஏறுன கணக்குதான? எழுதிக்கிடட்டும் மேஸ்திரி."

"கண்டுபிடிச்சிராதா?"

"அதுக்கென்ன கண்ணா இருக்கு, எட்டிப் பாக்கதுக்கு?"

எப்போதும் ஒரு வேலைக்கு இருவர் போவார்கள். ஒருவர் ஏறுவார், மற்றவர் அடியில் நின்று கயிற்றில் சாமான்களை அனுப்புவார். போனை மாற்றிக்கொண்டால் ஏறியவர் நின்றவராகவும் நின்றவர் ஏறியவராகவும் பதிவாகும். சேவியரும் மற்ற நான்கு பேரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். பிறகு ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒண்ணும் கேக்கல," என்றேன்.

இயேசுவைப் பிடித்துப் போன இரவில் பேதுருவும் இப்படித்தான் சொன்னார், உடனே கோழி கூவியது. எனக்குக் கோழி கூவவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணாச்சி கை கட்டி உட்காரும் ஆள் இல்லை. வெயிலில் நின்று கயிறு இழுத்தார், ஏறும்போது மாட்டுகிற பெல்ட்டுகளைத் துடைத்து, கொக்கிகளுக்கு எண்ணெய் போட்டார், எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். மத்தியானம் அலுவலகத்துக்கு வந்தால் என் வேலையிலும் பங்கு கேட்பார். மேஸ்திரி எனக்கும் ஒரு நாளைக்கு நாற்பது டாஸ்க் அனுப்பும். பதினேழாம் டவருக்கு கிரீஸ் வந்ததா, இருபதாம் டவர் கதவுக்குப் பூட்டு மாற்றியாயிற்றா என்று நச்சரிப்பு. நான் ரிப்போர்ட் எழுதும்போது அவர் என் கணினியில் உட்கார்ந்து ஒரே விரலால் தட்டித் தட்டி அவற்றை முடித்துக் கொடுப்பார். என் பாஸ்வேர்டு அவருக்கு மனப்பாடம்.

"சும்மா சம்பளம் வாங்குனா சோறு எறங்காதும்மா," என்பார்.

பன்னிரண்டு போதும். பன்னிரண்டோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் ஆறு பேரும் ஆளாளுக்குத் தான்தான் அண்ணாச்சியைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு ஏற்றம் கொடுத்தார்கள். எவ்வளவு ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. செய்த உதவியை வாய்விட்டுச் சொல்வது எங்கள் பக்கத்தில் அசிங்கம். கொடுத்ததிலும் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பெருங்காற்றில் ஏறியது, அரை மணி வேலையைக் கால் மணியில் முடித்தது எல்லாம் அண்ணாச்சி பெயரில் போயிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்.

மொத்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் நான். வைகாசியில் இருபத்தெட்டு. ஆனியில் நாற்பத்தொன்பது. மேஸ்திரி அவரை முதல் தரத்துக்கு உயர்த்தி, 'பெருங்காற்றில் ஏறத் தகுந்தவர்' என்று பச்சை நட்சத்திரம் போட்டது. எங்கள் தளத்தில் வேறு யாருக்கும் அந்த நட்சத்திரம் கிடையாது. எப்படிக் கிடைக்கும், அவரவர் நல்ல ஏற்றங்களைத்தான் தானம் செய்துவிட்டார்களே.

பையன்களைக் கூப்பிட்டு, "போதும், குறைச்சுக்கிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மாதம் எங்கள் தளம் மாநிலத்தில் முதலிடம் வந்தது. மண்டல மேனேஜர் போன் போட்டு, "யாருங்க அந்த தாணுலிங்கம்? தங்கமான ஆளா இருக்காரே. உங்க நிர்வாகம் பிரமாதம்," என்றார். நான் சிரித்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆடி எட்டாம் தேதி, காலை பத்து மணி. கணவாயில் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு பேரும் முப்பந்தல் பக்கம் வேலைக்குப் போயிருந்தார்கள். அலுவலகத்தில் நானும் அண்ணாச்சியும் மட்டும்தான். அவர் போனும் என் கணினியும் ஒரே நேரத்தில் கூவின.

நாற்பத்தோராம் டவரில் பிரேக் எண்ணெய் கசிகிறது. பதினொன்றரைக்குக் காற்று இன்னும் ஏறும். அதற்குள் யாராவது உச்சிக்குப் போய்க் கையால் பூட்டுக் கம்பியைப் போட்டாக வேண்டும். போடாவிட்டால் இறக்கைகள் தறிகெட்டுச் சுற்றி உடைந்து பறக்கும். நாற்பத்தோராம் டவருக்குக் கீழேதான் நாலுவழிச் சாலை. ஓரமாக நுங்குக் கடைகள், நிற்கிற கார்கள், பிள்ளை குட்டிகள். 'இந்தக் காற்றில் ஏறத் தகுந்தவர் ஒருவர். தாணுலிங்கம்.'

பிரபினைக் கூப்பிட்டேன். அவன் பாதி ஏணியில் இருந்தான். இறங்கி, ஜீப் பிடித்து வந்து உச்சிக்கு ஏற ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும், இருந்தாலும் கிளம்புகிறேன் என்றான்.

"மறுத்துருதேன் அண்ணாச்சி," என்றேன்.

எனக்கு அந்த அதிகாரம் இருந்தது. மறுப்பு என்று ஒரு பொத்தான் உண்டு, காரணம் எழுத வேண்டும். 'உடல்நிலை சரியில்லை, தலைச்சுற்றல்' என்று அடித்தேன். மறுத்தால் சாலையை மறிக்கச் சொல்லிப் போலீசுக்குத் தானே செய்தி அனுப்பவும் மேஸ்திரிக்குத் தெரியும். சாலையை மறித்தால் உடைந்தாலும் இரும்புதான் உடையும். அதனால் மறுப்பதில் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. இதை நான் அந்த நிமிடமே அறிந்திருந்தேன்.

ஆனால் திரையில் இன்னொரு வரி வந்தது. 'இக்காரணம் பதிவானால் இவருடைய முந்தைய ஏற்றங்கள் அனைத்தும் மறு ஆய்வுக்குச் செல்லும். தொடரலாமா?'

அண்ணாச்சி என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தார்.

"ஆறு பேரும் போயிருவானுவளே மக்கா," என்றார். "பிரபினுக்கு இப்பதான் கல்யாணம் பேசி முடிச்சிருக்கு."

"போனாப் போட்டும். நீங்க ஏறக் கூடாது."

"இருபத்துமூணு வருசம் ஏறுன ஏணிதான? உரலுக்குள்ள தலையக் குடுத்துட்டு ஒலக்கைக்குப் பயந்தா எப்படி? கண்ண மூடிக்கிட்டு ஏறுனா சுத்தாது. ரெண்டு நாளா கொஞ்சம் கொள்ளாம் பாத்துக்க."

கொள்ளாம், அதாவது பரவாயில்லை என்று அவர் சொன்னதை நான் நம்பினேனா? நம்ப வேண்டியிருந்தது, நம்பினேன். 'வேண்டாம்' என்ற பொத்தானை அழுத்தினேன். மறுப்பு அழிந்தது.

அடியில் நிற்க ஆள் இல்லாததால் நானே போனேன். அவர் பெல்ட்டை மாட்டி, கொக்கியை ஏணிக் கம்பியில் போட்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டினார். குழாய்க்குள் ஏறுகிற ஆளை வெளியிலிருந்து பார்க்க முடியாது. பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். நான்கு படி, ஒரு நிறுத்தம். மறுபடி நான்கு படி. என் கையிலிருந்த டேப்லெட்டில் அவருடைய உயரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினொன்று. இருபது. முப்பத்திரண்டு. பைபிள் வசனம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெறுமனே எண்களை வாசித்துக்கொண்டு நின்றேன்.

முக்கால் மணி நேரத்தில் எண்பதைத் தொட்டார். பத்து நிமிடம் கழித்துத் திரையில் 'பூட்டு போடப்பட்டது, வேலை முடிந்தது' என்று வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலே பார்த்துக் கத்தினேன், "அண்ணாச்சி, மெதுவா எறங்குங்க!" காற்றில் அது அவருக்குக் கேட்டிருக்காது.

எழுபது. அறுபத்தொன்று. ஐம்பத்திரண்டு. நாற்பத்தெட்டு.

நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு.

கூப்பிட்டேன், பதில் இல்லை. பெல்ட் பிடித்துக்கொண்டது, அதனால் விழவில்லை. தலை சுற்றிக் கை விட்டு, ஏணியில் மண்டை மோதி, நினைவில்லாமல் தொங்கினார். நான் ஏணியில் கால் வைத்து ஏழு படி ஏறினேன். அதற்கு மேல் என் உடம்பு வரவில்லை. இறங்கிக் கதவருகே உட்கார்ந்து நாற்பத்தெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் மேஸ்திரி அவருக்கு அடுத்த வேலையை அனுப்பியது. ஒன்பதாம் டவர், கேபிள் சோதனை. மேலே அவருடைய போன் கூவியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

பிரபின் வந்து இறக்கும்போது அரை மணி நேரம் ஆகியிருந்தது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இவ்வளவு நேரம் பெல்ட்ல தொங்கவிட்டா ரத்தம் எப்படிம்மா ஓடும்?" என்று என்னிடம்தான் கேட்டார்.

அண்ணாச்சியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் சென்னையிலிருந்து விசாரணைக்கு மைதிலி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மேஸ்திரியை எழுதிய குழுவில் ஒருவர் என்று பிறகுதான் தெரிந்தது. மறுப்பை நான் அழித்தது அவர் கையில் ஏற்கெனவே இருந்தது. அதை நான் ஒத்துக்கொண்டேன். காரணம் கேட்டதற்கு, பதற்றம் என்றேன்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார். "ஜூலை முதல் வாரமே மேஸ்திரிக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கு. தாணுலிங்கம் போன் மூணு நாலு விதமான நடையில ஏறுது. ஒருநாள் ரெண்டு ரெண்டு படியா தாவுது, ஒருநாள் இடது கால் இழுக்குது. ஒரு மனுஷன் அப்படி ஏற மாட்டான். அதனால உங்களுக்கு ஒரு டாஸ்க் அனுப்பியிருக்கு."

கணினியை என் பக்கம் திருப்பினார். 'தாணுலிங்கத்தை நேரில் சந்தித்து, ஏறுபவர் அவர்தான் என்பதையும் அவருடைய தகுதியையும் உறுதி செய்யவும்.' கீழே என் பெயரில் பதில். 'நேர்ல பாத்தாச்சு. அவர்தான் ஏறுதாரு. கொள்ளாம்.'

எனக்கு அப்படி ஒரு டாஸ்க் வந்ததே தெரியாது. தேதியைப் பார்த்தேன். ஜூலை மூன்று, பிற்பகல் மூன்றே முக்கால். அன்று அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகத் தக்கலை போயிருந்தேன். என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று யோசிக்கவே தேவையில்லை. நாற்பது டாஸ்க்கில் ஒன்றாக அது வந்திருக்கும். அவர் வாசித்திருப்பார். எங்கள் எட்டுப் பேரையும் நினைத்திருப்பார். என்னிடம் சொன்னால் நான் பயப்படுவேன் என்று, எனக்குத் தெரியாமலே ஒரு விரலால் தட்டி முடித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இது நீங்க எழுதினதுதானே?" என்று கேட்டார் மைதிலி.

இல்லை என்றால் என் தலை தப்பும். அண்ணாச்சி தனக்குத்தானே பொய்ச் சான்று எழுதிக்கொண்டு ஏறிச் செத்தார் என்று ஆகும். அந்த நடைகள் யாருடையவை என்று தோண்டுவார்கள், ஆறு பேரும் தெருவில் நிற்பார்கள். ஆமாம் என்றால் போவது நான் ஒருத்தி.

"நான்தான் எழுதுனேன்," என்றேன்.

யாரும் இதைத் தியாகம் என்று நினைக்க வேண்டாம். அன்று மத்தியானம் என் நாற்காலியில் நான் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன்? 'நேரில் பார்த்தேன், நலமாக இருக்கிறார்' என்று இன்னும் நல்ல தமிழில் அதே பொய்யை எழுதியிருப்பேன். மூன்று வாரம் கழித்து, அவர் கண் முன்னாலேயே 'வேண்டாம்' என்று அழுத்தியவள்தானே நான்.

மைதிலி கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இதை அடிச்சது ஒரே விரல். மேஸ்திரி குறிச்சு வச்சிருக்கு. நீங்க பத்து விரல்ல அடிக்கறவங்க," என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்ச மேஸ்திரி அந்தப் பதில ஏன் ஒத்துக்கிட்டுது?"

"ஒரு ஆள் மேல சந்தேகம் வந்தா தள அலுவலகத்தைக் கேக்கணும்னு எழுதியிருந்தோம். தள அலுவலகத்து மேலயே சந்தேகம் வந்தா யாரைக் கேக்கறதுன்னு எழுதல." குரல் இறங்கிவிட்டது. "அந்தப் பகுதியை எழுதினது நான். யாரும் கேக்கல, அதனால நானும் யோசிக்கல."

வெளியே காற்றாடிகள் உறுமிக்கொண்டிருந்தன. பிரபின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான். மைதிலி அவனைப் பார்த்தார், அவன் கால்களைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"அன்னிக்கு உங்க கையில ஏதாவது அடிபட்டிருந்துதா?"

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"ஆமா. கதவு இடுக்குல விரல் மாட்டிட்டு."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். விசாரணை என்ற டாஸ்க்கை முடித்தார். எங்கள் ஊர்ப் பழக்கம் அவருக்கும் தொற்றிவிட்டது.

எனக்கு வேலை போனது. வழக்கும் நடக்கிறது. ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள், எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். விசாரணை முடிவு வந்த அன்று அண்ணாச்சியின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பகவதியக்கா வாசலிலேயே நின்றார். கம்பெனி அனுப்பிய கடிதம் கையில் இருந்தது.

"அவரு ஏறலாம்னு நீதான் எழுதிக் குடுத்தியாமே?"

"ஆமாக்கா."

"அவருக்குத் தல சுத்தும்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சிட்டு ஏம்மா விட்ட?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விடை தெரியாத பிள்ளை கேட்பது மாதிரி கேட்டார். மைதிலியிடம் சொல்ல எனக்கு ஒரு கதவு இடுக்கு இருந்தது. இவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.